வரதோலியில் நல்ல வெயில்

ஓய்வுபெற்றவர்களுக்காகப் போனில் ஒரு குழு நடத்துவது, கரும்பு லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போவதைப் போன்றது. எது எப்போது தலையில் விழும் என்று தெரியாது, முந்திப் போகவும் வழி கிடையாது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு குழுவுக்கு நிர்வாகியாகி அவதிப்படுகிறவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சில வரிகள். நான் பிஜியில், தலைநகர் சுவாவில் ஒரு தினசரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். கடைசிப் பன்னிரண்டு வருடம் மரண அறிவிப்புப் பக்கம் என் பொறுப்பு. ஓய்வுபெற்று லாமியில் வீட்டோடு கிடந்தபோது, ஆக்லாந்தில் இருக்கும் மகள் ஒரு நல்ல போனை அனுப்பி, "சும்மா இருக்காதீங்கப்பா, உங்க வயசுக்காரங்களை ஒண்ணு சேருங்க" என்றாள். சேர்த்தேன். பா, லாவ்டோகா, லபாசா, சுவா என்று இங்கேயே இருப்பவர்கள் ஒரு பாதி. எண்பத்தேழிலும் இரண்டாயிரத்திலும் துப்பாக்கிகள் ஆட்சியைக் கவிழ்த்தபோது சிட்னி, ஆக்லாந்து, வான்கூவர் என்று பெட்டி கட்டியவர்கள் மறு பாதி. எல்லோரும் மதராஸிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் வாரிசுகள். தமிழில் சாமி கும்பிடுவோம், ஹிந்தியில் சண்டை போடுவோம். சண்டை முற்றினால் மறுபடி தமிழுக்கே வந்துவிடுவோம். நான் எந்தக் காலத்திலும் எடிட்டராக இருந்ததில்லை. ஆனால் குழுவில் எல்லோருக்கும் நான் எடிட்டர்தான்.

சேர்க்கைப் படிவம்

குழுவில் சேருகிறவர்களுக்கு ஒரு படிவம் தயார் செய்தேன். பெயர், வயது, தற்போதைய ஊர், முந்தைய ஊர், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள். எழுதி முடித்த பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே உறைத்தது. பன்னிரண்டு வருடம் நான் பக்கம் கட்டிய மரண அறிவிப்பின் அச்சு அசல். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

அந்தப் பக்கம் நாட்டின் நிலவரத்தை முதல் பக்கத்தைவிட ஒழுங்காகச் சொல்லும். நான் பழைய தாள்களைப் புரட்டியிருக்கிறேன். எண்பத்தேழுக்கு முன்பு, "மகன்கள் பா, தவுவா, மகள் நாந்தி" என்று ஒரே வரியில் குடும்பம் அடங்கிவிடும். பிறகு, "மகன்கள் சிட்னி, மகள் ஆக்லாந்து, பேரன் வான்கூவர்" என்று நீண்டுகொண்டே போயிற்று. இறந்தவர் மட்டும் ஊரில் இருப்பார்.

படிவத்தை முதலில் நிரப்ப வேண்டியவர் லபாசா பக்கம் புலிலேகாவில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த கோவிந்தன். பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"ஏன் எடிட்டர், தேதியை மட்டும் காலியா வுட்டுட்டு மிச்சத்தையெல்லாம் இப்பவே எழுதி வாங்கிக்கிறியா?"

மூன்று புகார்

குழுவுக்கு இரண்டே விதிகள். அரசியல் பேசக் கூடாது. ஒருவர் மேல் மூன்று புகார் வந்தால் அவரை நீக்க வேண்டும். இரண்டையும் எழுதியவன் நான், எனவே இரண்டும் என் கழுத்தைத்தான் பிடித்தன.

அரசியல் பேசாமல் எங்களால் துருக்கா என்கிற கரும்பு இனப் பூமொட்டைச் சமைக்கக்கூட முடியாது. யாராவது துருக்காக் குழம்பின் படம் போடுவார். "இங்கே டின்னில்தான் கிடைக்கிறது" என்பார் ஆக்லாந்துக்காரர். "அங்கே போனது யார் குற்றம்?" என்பார் பாக்காரர். நாலாவது செய்தியில் ராணுவம் வந்துவிடும். குழம்பை வைத்தவர் ஐந்தாவது செய்தியில், தேங்காய்ப்பால் கடைசியில் ஊற்ற வேண்டும் என்று தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பெரும்பாலும் அந்த "யார் குற்றம்" வரியை எழுதுகிறவர் சின்சாமி. பா – லாவ்டோகா தடத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், வயது எழுபத்தைந்து. மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் சிட்னியில். பா டவுனை ஒட்டிய வரதோலியில், அவர் தெருவில் நம் ஆட்களில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். தினமும் காலை ஆறு மணிக்குக் குழுவில் எழுதுவார்: "வரதோலியிலதான் இக்கிறேன். ஓடிப்போவல." வெளிநாட்டில் இருக்கும் முப்பது பேருக்கு அதுதான் காலை வணக்கம். அவர் மேல் வான்கூவரிலிருந்து ஒரு புகார், ஆக்லாந்திலிருந்து ஒரு புகார் என்று இரண்டு சேர்ந்துவிட்டன. அவரைக் கூப்பிட்டு, இன்னும் ஒன்று வந்தால் நீக்க வேண்டிவரும் என்றேன். அந்த வீட்டில் அவரோடு பேச வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"தூக்கறதுன்னா தூக்கு எடிட்டர். காலையில எழுந்து நான் யாரைத் திட்டறதுன்னு மட்டும் சொல்லிட்டுத் தூக்கு."

முந்திய அனுதாபம்

வான்கூவர் ராம்சாமி வங்கியில் இருந்தவர். ஆண்கள் எல்லோரையும் ஹிந்தியில் "பையா", அதாவது அண்ணா, என்பார். எதை எழுதினாலும் மேலே தேதியும் கிழமையும் போட்டுத்தான் தொடங்குவார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் நௌசோரியில் காலமானார். பத்தே நிமிடத்தில் ராம்சாமியின் அனுதாபம் வந்துவிட்டது, தலைப்பில் "திங்கட்கிழமை" என்று கொட்டை எழுத்தில். நமக்குச் செவ்வாய் விடிந்தால் அவர்களுக்கு இன்னும் திங்கள்தான் என்பது இறந்தவரின் மகனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே அனுதாபம் எழுதி வைத்திருந்தார்களா என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

நான் ராம்சாமியிடம், தேதியைத் திருத்தி அனுப்புங்கள், இல்லையென்றால் தேதியே வேண்டாம் என்று கெஞ்சினேன். நாற்பது வருடம் லெட்ஜர் எழுதிய மனிதர் அசையவில்லை.

"நான் சரியான தேதிதான் பையா போட்டிருக்கேன். அவருதான் ஒரு நாள் முன்னாடி போயிட்டாரு."

கைதட்டல் வரிசை

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வீடியோ கூட்டம். முதல் கூட்டத்துக்கு வந்த நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, எல்லோருக்கும் திருப்தி. இரண்டாவது வாரம் வழி கண்டுபிடித்தேன். இந்த நாட்டில் யார் வீட்டில் உட்கார்ந்தாலும் நங்கோனா வேரை இடித்துக் கரைத்த சட்டி நடுவில் இருக்கும். பிலோ என்கிற தேங்காய் ஓட்டுக் கிண்ணம் கைமாறி வரும். வாங்குகிறவர் ஒரு தட்டுத் தட்டி வாங்கிக் குடிப்பார், குடித்துவிட்டு மூன்று தட்டுவார். யார் முறையோ அவருக்குத்தான் பேச்சு. அதையே திரையில் வைத்தேன். அவரவர் வீட்டில் அவரவர் கரைத்துக்கொள்ள வேண்டியது. நான் ஊரையும் பேரையும் கூப்பிடுவேன். ஒரு தட்டு, ஒரு பிலோ, பிறகு பேச்சு. மூன்று தட்டினால் முடிந்தது. வான்கூவர் தட்டு மட்டும் இரண்டு விநாடி தாமதமாக வந்து அடுத்தவர் பேச்சில் விழும். பொறுத்துக்கொண்டோம்.

சிட்னியில் இருக்கும் மங்கம்மா டீச்சருக்கு நங்கோனா கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒழுங்கு தவறாதவர். வரிசையை விட்டு ஒருநாளும் தட்டியதில்லை. தேங்காய் ஓட்டில் பால் டீயை ஊற்றிக்கொண்டு உட்காருவார். எண்பத்தேழில், கலவரம் தொடங்கிய அதே மாதம், வரதோலி வீட்டை விற்றுவிட்டுப் போனவர். வாங்கியவர் டிரைவர் சின்சாமி. ஆகவே டீச்சர் முறை வரும்போதெல்லாம் டிரைவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

"தேங்கா ஓட்டுல டீ ஊத்திக் குடிச்சா பிஜிக்காரங்களா ஆயிடலாமா டீச்சர்? ஆவி வருது பாருங்க, கண்ணாடியைத் தொடைங்க."

வரவேற்பு நிபுணர்

ஆக்லாந்து உறுப்பினர் ஒருவரின் மருமகன், முதியவர்களுக்கு இணையத்தில் இதமான குழுக்களை அமைப்பது எப்படி என்று பயிற்சி கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். எங்களுக்கு இலவசமாக உதவ முன்வந்தார். இலவசம் என்றதும் நான் சுதாரித்திருக்க வேண்டும். உறுப்பினர்களின் கூச்சத்தைப் போக்க வாரம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். எங்கள் ஆட்களின் கூச்சத்தை அவர் எங்கே பார்த்தாரோ! முதல் கேள்வி: "உங்கள் முதல் வீட்டின் படத்தைப் பகிருங்கள்."

மங்கம்மா டீச்சர் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார். தகர வீடு, நாலு சிமெண்டுப் படி, பக்கத்தில் ஈரப்பலா மரம். அடுத்த நிமிடம் சின்சாமி ஒரு கலர் படம் போட்டார். அதே நாலு படி. மரம் மட்டும் இல்லை. "மரத்தை வெட்டினது யார்?" என்று டீச்சர் கேட்டார். "வேர் சுவத்தைப் பொளந்துச்சு, ஓடிப்போனவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டிரைவர். "என் வீடு" என்று டீச்சர் எழுதினார். "வுட்டுட்டு ஓடினப்பவே வீடு கைமாறிடுச்சு" என்று டிரைவர் எழுதினார். பிறகு இரண்டு நாடுகளும் இறங்கின. சாயந்திரம் டீச்சரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். மூன்றாவது புகார். சின்சாமியை நீக்க வேண்டும்.

நான் நிபுணரைக் கூப்பிட்டு, கேள்வியைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்டேன். அவர் மகிழ்ச்சியில் இருந்தார்.

"அங்கிள், ஒரே நாள்ல இருநூறு மெசேஜ்! இப்பதான் உங்க குரூப்புக்கு உயிர் வந்திருக்கு."

வாபஸ்

விதிப்படி நீக்க வேண்டும். வாரக் கடைசியில் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டேன். பத்திரிகைக்காரனுக்கு ஒத்திப்போடத் தெரியாதா? அதற்குள் சின்சாமியே, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறேன், ஒரு வாரம் வரமாட்டேன் என்று எழுதினார். வாரம் மூன்று வாரமாயிற்று. குழு அமைதியாக இருந்தது. சண்டை இல்லாததால் யாரும் எழுதவில்லை என்று சொல்வதுதான் சரி. ஜூலை தொடக்கத்தில் திரும்ப வந்தார். காலை ஆறு மணிச் செய்தியும் வந்தது. சனிக்கிழமை கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் பா டவுன் துணிக்கடைக் காலண்டர், வேலோடு முருகன் படம் போட்டது, புதிதாக மாட்டியிருந்தார்.

அடுத்த வாரம் டீச்சர் போன் செய்து, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கு நாற்காலி ஆடியது. முப்பது வருடக் கோபம் ஒரு மாதத்தில் எங்கே போயிற்று? ஏன் டீச்சர் என்றேன்.

"கேள்வி கேக்கறது என் தொழில் எடிட்டர். நீங்க கேக்காதீங்க."

வெள்ளம்

ஜனவரியில் மூன்று நாள் விடாத மழை. பா ஆறு கரையை உடைத்தது, பாலம் முங்கியது, வெள்ளிக்கிழமையே கரண்ட் போய்விட்டது. போன் கோபுரமும் விழுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். சனிக்கிழமை கூட்டத்தில் பாக்காரர்கள் ஒருவரும் இல்லை. இருக்கவும் முடியாது. சின்சாமி மட்டும் இருந்தார். சொல்லப்போனால் ஜொலித்தார். காலண்டரில் முருகனின் வேல்மேல் பளிச்சென்று வெயில் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு லாமியிலேயே ஜன்னலைத் திறக்க முடியாத மழை.

மனிதர் வெள்ளத்தில் இருக்கிறாரா கனவில் இருக்கிறாரா என்று புரியாமல், வழக்கம்போல, "வரதோலி, சின்சாமி" என்று கூப்பிட்டேன். ஒரு தட்டுத் தட்டினார். பிலோவைத் தூக்கினார். அதிலிருந்து ஆவி வந்தது. எழுபது வயதில் எத்தனையோ சட்டி நங்கோனா பார்த்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரில் கரைக்கிற அந்தச் சாமானில் ஆவி பறந்து அன்றுதான் பார்த்தேன். அங்கே நிலவரம் எப்படி என்றேன். அவர் அன்று ரேடியோ கேட்கவில்லை என்பது அடுத்த வரியில் தெரிந்துவிட்டது. "எப்பவும் போலத்தான். வரதோலியில நல்ல வெயில்."

ராம்சாமிதான் ஆரம்பித்தார்: "வெயிலா? பையா, நியூஸ்ல பா டவுனே தண்ணிக்குள்ள..." அதற்குமேல் கேட்கவில்லை. யாரோ கைதட்டினார்கள். மங்கம்மா டீச்சர். முறை இல்லாமல், நிறுத்தாமல், வகுப்பை அடக்குகிற மாதிரி படபடவென்று தட்டினார். விஷயம் தெரியாத கோவிந்தன் புலிலேகாவிலிருந்து அவரும் சேர்ந்து தட்டினார். அவரைப் பார்த்து ஆக்லாந்து தட்டியது. ராம்சாமி வாயசைப்பது மட்டும் தெரிந்தது. தட்டல் ஓய்ந்தபோது சின்சாமியின் கட்டம் கறுப்பாகியிருந்தது. டீச்சர் தன் தேங்காய் ஓட்டைக் கையில் எடுத்தார்.

"டிரைவர் லைன் போச்சு எடிட்டர். அடுத்த பிலோ எனக்கு."

கண்ணாடிக் கதவு

பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன். பிழை திருத்துகிறவனாக இருந்தும் ஏழு மாதம் கோட்டைவிட்டிருக்கிறேன். ஜூலையிலிருந்து காலைச் செய்தியில் "வரதோலியிலதான்" என்பதும் இல்லை, "ஓடிப்போவல" என்பதும் இல்லை. "இங்கதான் இக்கிறேன்" என்று மட்டும் இருந்தது. எழுத்தில் பொய் சொல்ல மனிதருக்கு மனம் வரவில்லை. வாயில் ஒரே ஒரு தடவை சொன்னார், அன்றே வெள்ளம் வந்துவிட்டது.

டீச்சருக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை பதில் சொன்னார். சின்சாமி மே மாதம் அந்த நாலு படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்துத்தான் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜூனில் வந்து கையோடு அழைத்துப் போய்விட்டாள். ஜூலையில் டீச்சர் வீட்டுப் பக்கத்துத் தீவுக்காரர் கடையில், குளிர்பெட்டிக்கு முன்னால், காது வரை கம்பளித் தொப்பி இழுத்துவிட்ட ஒருவர் உறைந்த மரவள்ளிக் கிழங்குப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டீச்சரைக் கண்டதும் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டாராம். கண்ணாடிக் கதவு.

டீச்சர் நேராகப் போய், "என் வீட்டுச் சாவி யார்கிட்ட இக்குது?" என்று கேட்டிருக்கிறார். "பக்கத்து வீட்டு ஜோனேகிட்ட டீச்சர்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில். "என் வீடு" என்றதற்குச் சண்டைக்கு வரவில்லை. குழுவில் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க, இங்கே ஆறு மணி ஆக வேண்டும் என்பதற்காக அங்கே விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அந்த ஒரு வரியை அனுப்பியிருக்கிறார். இத்தனை திட்டியவரை எதற்காகக் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"வந்த முதல் வருஷம் எப்படி இக்கும்னு எனக்குத் தெரியும் எடிட்டர். நான் அதை எண்பத்தேழுலயே பாஸ் பண்ணிட்டேன். அவரு எழுபத்தஞ்சு வயசுல ஒண்ணாங் கிளாஸ்ல உக்காந்துகினு இக்கிறாரு."

சின்சாமி மேல் சின்சாமி

திங்கட்கிழமை சின்சாமியே கூப்பிட்டார். "என்னைத் தூக்கிடு எடிட்டர்" என்றார். விதிப்படி மூன்று புகார் வேண்டும், டீச்சர் வாபஸ் வாங்கியதால் இரண்டுதான் இருக்கிறது என்றேன். "மூணாவதை நான் தரேன். ஓடிப்போனவன் வரதோலியில நல்ல வெயில்னு சொல்லிட்டான். எழுதிக்கோ." தன் மேல் தானே புகார் கொடுப்பதற்கு விதியில் இடமில்லை, கொடுப்பதானால் சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதினேன்.

வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தார். காலண்டர் இல்லை. பின்னால் ஒரு மரவேலி, துணி காயும் கம்பி, அதில் யாருடைய பள்ளிச் சீருடையோ தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முறை வந்தது. இப்போது எந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது? என் பழைய பக்கத்தில், "முன்பு வரதோலி, பா, தற்போது சிட்னி" என்று போட்டிருப்பேன். அந்தப் பக்கத்து ஆட்கள் எழுந்து பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் எழுதுவது சுலபம். "சிட்னி, சின்சாமி" என்று கூப்பிட்டேன். ராம்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு தட்டு. பிலோவைத் தூக்கினார், ஆவி வந்தது, மறைக்கவில்லை. "ஜூன்லயே வந்துட்டேன்" என்றார். "ஜோனே நேத்து போன் பண்ணான். மூணு படி முங்கிடுச்சு. உள்ள தண்ணி வரல. நான் அங்க இல்ல. திட்டறவங்க இப்ப திட்டலாம்." முப்பது பேர் வருடக்கணக்காகக் காத்திருந்த சந்தர்ப்பம், யாருக்கும் எடுக்கக் கை வரவில்லை. "நாலாவது படி தப்பிச்சுதா?" என்று டீச்சர் மட்டும் கேட்டார். "தப்பிச்சுது டீச்சர்." கடைசியில் ராம்சாமியால் பொறுக்க முடியவில்லை. வங்கிக்காரர், எதையும் தேதியோடு ஞாபகம் வைத்திருப்பவர். "ஏன் பையா, தேங்கா ஓட்டுல டீ ஊத்திக் குடிச்சா பிஜிக்காரங்களா ஆயிடலாமா?" என்றார். சின்சாமி பிலோவைக் கீழே வைக்கவில்லை. ஒரு வாய் குடித்தார், மூன்று தட்டுத் தட்டினார்.

"ஆவ முடியாது பையா. ஆனா டீ ஆறாம இக்குது."

புகாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்கு "ஓடிப்போவல" என்று எழுத ஆளில்லாமல் போன குறையை, நிர்வாகி என்ற முறையில் இப்போது நானே தீர்த்துவருகிறேன், ஆக்லாந்திலிருந்து மகள் நிரப்பி அனுப்பிய குடியேற்றப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்பதைக் குழுவில் சொல்லாமல்.